பெயரே கேள்விப்படாத டீசல் இன்ஜினோடு ஒரு பழைய படகு: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

படகு பிடித்துப்போய்விட்டது. உடல் நன்றாக இருக்கிறது, உள்ளே ஈரவாடை இல்லை, விலையும் கையைக் கடிக்கவில்லை. இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தால் இதுவரை கேள்விப்படாத ஒரு பெயர்.

விலை குறைவாக இருப்பதற்கு அந்தப் பெயரே காரணமாக இருக்கலாம். யான்மார், வால்வோ பென்டா, பெர்கின்ஸ் என்று நாலு பேருக்குத் தெரிந்த பெயராக இருந்திருந்தால் இந்தப் படகு இந்நேரம் கைமாறியிருக்கும். சிலர் பெயரைப் பார்த்ததுமே பின்வாங்கிவிடுவார்கள். வேறு சிலர், சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே அவசரம். இன்று ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்விதான். நாளை நின்றுபோனால் அதை மறுபடி ஓடவைக்க என்னென்ன வேண்டும், அவை எங்கே கிடைக்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். இதில் பாதியைப் படகில் கால் வைக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

முதல் வேலை: இன்ஜினின் உண்மையான பெயரைக் கண்டுபிடிப்பது

சிறிய படகு டீசல்களில் ஏராளமானவை கடலுக்காகவே பிறந்தவை அல்ல. டிராக்டர், ஜெனரேட்டர், வேன், கார் என்று வேறு எதற்காகவோ தயாரான இன்ஜினை ஒரு நிறுவனம் வாங்கி, அதில் கடல் தண்ணீர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்டின் சூட்டைக் கடல் தண்ணீருக்குக் கடத்துவது), தண்ணீரால் குளிரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்), கியர்பாக்ஸ் ஆகியவற்றைச் சேர்த்து, தன் பெயரை ஒட்டி விற்கும். படகில் நீங்கள் பார்க்கும் பெயர் பெரும்பாலும் இப்படி மாற்றியமைத்தவரின் பெயர். உள்ளே இருக்கும் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பு உடல், வேறொருவருடையது.

சில உதாரணங்கள் பார்த்தால் புரியும். பீட்டா மரைன், நன்னி ஆகியவற்றின் சிறிய இன்ஜின்கள் பெரும்பாலும் ஜப்பானின் குபோட்டா பிளாக்கின் மேல் கட்டப்பட்டவை. பழைய அமெரிக்கப் பாய்ப்படகுகளில் வரும் யுனிவர்சல் எம்-25 என்பது குபோட்டா டி850. வீட்டஸ், ஸோலே என்ற பெயர்களில் வரும் பல மாடல்களுக்குள் இருப்பது மிட்சுபிஷி. பிஎம்சி கேப்டன் என்றால் பிரிட்டிஷ் வேன்களில் ஓடிய 1.5 லிட்டர் டீசல். வால்வோ பென்டா எம்டி22-இன் கதை இன்னும் வேடிக்கை. அது பெர்கின்ஸ் பிரைமா. அதே பிரைமாதான் ஆஸ்டின் ரோவரின் மேஸ்ட்ரோ, மான்டிகோ வாகனங்களிலும் ஓடியது. ஒரே கேஸ்கெட்டுக்கு மூன்று பெட்டி, மூன்று விலை.

ஆக, பெயர் அரிது என்பதால் இன்ஜினும் அரிது என்று ஆகிவிடாது. இதற்கு நேர்மாறும் உண்டு. நார்வேயின் ஸாப் (கார் செய்த ஸ்வீடன் நிறுவனம் வேறு, இது வேறு), டென்மார்க்கின் புக் போன்றவை படகுக்காகவே செய்யப்பட்டவை. கப்பல்களின் உயிர்காக்கும் படகுகளில் இவை நிறைய இருந்தன. உறுதியான, எளிமையான இன்ஜின்கள். ஆனால் பாகம் வேண்டுமென்றால் அவர்களுடைய பாகம்தான். டிராக்டர் கடையில் மாற்று கிடைக்காது. பல ஸாப் இன்ஜின்களில் முன்னும் பின்னும் போகப் புரொப்பெல்லர் இதழ்களின் கோணமே மாறும். அந்த அமைப்பு தேய்ந்திருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் படகு சொன்னபடி கேட்காது.

அடையாளம் காண விற்பவரிடம் போட்டோ கேளுங்கள். பெயர்த்தகடு மட்டும் போதாது. பிளாக்கின் இரு பக்கமும் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்கள், இன்ஜெக்ஷன் பம்பின் தகடு, கியர்பாக்ஸின் தகடு, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் வேண்டும். அழுக்கைத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் நிறத்தை நம்ப வேண்டாம், யாரோ எப்போதோ கையில் கிடைத்த டப்பாவை அடித்திருப்பார்கள். தகடு உரிந்துபோயிருந்தால் சிலிண்டர் எண்ணிக்கை, குதிரைத்திறன், வால்வு மூடியின் வடிவம் இவற்றை வைத்துத் தேடலாம். வார்ப்பு எண் கிடைத்தால் வேலை சுலபம்.

இரண்டாவது: இன்ஜினைப் பாகங்களாகப் பிரித்து யோசிப்பது

அரிதான இன்ஜினில் எல்லாமே அரிதாக இருக்காது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துவிட்டால் பயத்தில் பாதி குறையும்.

டீசலின் விலையுயர்ந்த இதயம் இன்ஜெக்ஷன் பம்பும் இன்ஜெக்டர்களும். இவற்றை இன்ஜின் செய்த நிறுவனமே செய்வது குறைவு. பாஷ், சிஏவி, சிம்ஸ், டென்சோ, ஸ்டானடைன் என்று தனி நிறுவனங்களின் பெயர் பம்பின் மேல் இருக்கும். லாரி, டிராக்டர் பம்புகளைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறைக்காரருக்கு அந்தப் பம்ப் எந்தப் படகிலிருந்து வந்தது என்பது பொருட்டே இல்லை. தகட்டில் உள்ள எண் போதும். இன்ஜின் நிறுவனமே செய்த பம்ப் என்றால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அதே கதை. அவற்றின் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். பேரிங், ஆயில் சீல், பெல்ட், ஹோஸ் எல்லாம் அளவை வைத்து வாங்குபவை. பேரிங்கின் மேல் 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17 மிமீ, வெளிவிட்டம் 40 மிமீ, அகலம் 12 மிமீ. உலகில் எங்கே வாங்கினாலும் அதுதான். ஆயில் ஃபில்டரையும் மரை, ரப்பர் வளையத்தின் விட்டம், உள்ளே இருக்கும் வால்வின் அழுத்தம் இவற்றை வைத்துப் பொருத்தலாம். தண்ணீர் பம்ப் ஜாப்ஸ்கோ, ஜான்சன், ஷெர்வுட் போன்ற பெயருள்ளதாக இருந்தால் ரப்பர் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பற்றிக் கவலையில்லை. பெயரில்லாத பம்ப் என்றாலும் வெளிவிட்டம், அகலம், தண்டின் விட்டம், இதழ் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து பட்டியலில் தேடினால் பல நேரம் மாட்டும்.

சரி, சிக்கல் எங்கே? படகுக்காகச் சேர்த்த பாகங்களில். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உடலும் மூடிகளும், சூடான புகையில் கடல் தண்ணீர் கலக்கும் எல்போ, தண்ணீர் பம்பைத் தாங்கும் பிராக்கெட், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங். மாற்றியமைத்த நிறுவனம் மூடிவிட்டால் இவற்றைச் செய்ய ஆள் இல்லை. உப்புத்தண்ணீர் அரிப்பதும் இவற்றில் முதல் மூன்றைத்தான். எல்போவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெல்டிங் செய்துகொள்ளலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வேறு நிறுவனத்தின் தனி யூனிட்டை ஹோஸ் போட்டு மாட்டலாம். வார்ப்பு மேனிஃபோல்டு உள்ளுக்குள் ஓட்டையாகிவிட்டால்தான் தலைவலி, ஏனென்றால் அதிலிருந்து கசியும் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போய்விடும். அரிதான இன்ஜினில் நான் முதலில் கண் வைப்பது மேனிஃபோல்டின் மேல்தான். பிஸ்டன் மேல் அல்ல.

சிலிண்டர் ஹெட்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் இன்னொரு வகை. அடிக்கடி கெடாது, கெட்டால் மாற்று கிடைப்பது பிளாக் யாருடையது என்பதைப் பொறுத்தது. கழற்றி மாற்றக்கூடிய லைனர் (சிலிண்டரின் உள் உறை) உள்ள பிளாக்கா, நேரடியாகத் துளையிட்ட பிளாக்கா என்பதையும் கேட்டு வையுங்கள். லைனர் உள்ளது என்றால் மறுவாழ்வு கொடுப்பது எளிது.

மூன்றாவது: வாங்குவதற்கு முன்பே ஒரு பாகப் பட்டியல் அனுப்பிப் பார்ப்பது

இது ஒரு வார வேலை, செலவு இல்லை, ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. கைக்கு வந்த அடையாள எண்களோடு இரண்டு மூன்று கடைகளுக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியவை: இம்பெல்லர், தண்ணீர் பம்ப் சீல், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட், இன்ஜெக்டர் நாஸில், எக்ஸாஸ்ட் எல்போ, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள் குழாய்க்கட்டு. விலை என்ன, கையிருப்பில் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று மூன்றையும் கேளுங்கள். "கிடைக்கும்" என்ற பதிலுக்கு மதிப்பில்லை. "இரண்டு இருக்கிறது, அனுப்பலாம்" என்பதற்குத்தான் மதிப்பு.

அப்புறம் மூன்று புத்தகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: உரிமையாளர் கையேடு, பட்டறைக் கையேடு, பாகங்களின் படங்களோடு கூடிய எண் பட்டியல். மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் பாகப் பட்டியலைக் கேட்பேன். நல்ல மெக்கானிக்குக் கையேடு இல்லாமலே பிரித்துச் சேர்க்கத் தெரியும். எண் இல்லாமல் பாகம் வாங்க அவராலும் முடியாது.

அந்த மெக்கானிக்கிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிலர் தெரியாத இன்ஜின் என்றால் தொடவே மாட்டார்கள். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க இன்ஜின் என்றால் போல்ட் எல்லாம் அங்குல மரை, மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காராது. இதையும் சொல்லி வையுங்கள்.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசியாக வாங்கிய பாகங்கள் எங்கிருந்து வந்தன? ரசீதுகளை எடுத்து நீட்டினால் அந்தப் படகின் மதிப்பு ஒரு படி கூடுகிறது. "இது தொந்தரவே கொடுத்ததில்லை, எதுவும் மாற்றியதே இல்லை" என்று பெருமையோடு சொன்னால் எல்லாவற்றையும் நீங்கள்தான் மாற்றப்போகிறீர்கள் என்று பொருள்.

நான்காவது: குளிர்ந்த இன்ஜினைப் பார்ப்பது

நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதலில் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் பிடிக்காத இன்ஜினை முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; இது காசு கொடுத்து வாங்குவது.

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்து டீசல் வாடையும் அடித்தால், லிஃப்ட் பம்ப் (தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) டயஃப்ரமோ இன்ஜெக்ஷன் பம்ப் சீலோ கசிந்து ஆயிலில் கலக்கிறது. கூலன்ட் மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய்ப் படலம் இருக்கக் கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலை மறக்க வேண்டாம். ஆயில் கூலர் ஓட்டையானால் அதுவும் வெளுக்கும்.

எக்ஸாஸ்ட் எல்போவின் ஹோஸைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே கரியும் உப்பும் அடைத்து விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கிறது என்றால், இன்ஜின் நீண்ட நாளாக மூச்சுத் திணறி ஓடியிருக்கிறது.

சில இன்ஜின்களுக்குத் தனிப் பழக்கங்கள் உண்டு. விற்பவருக்கு அது தெரியுமா என்று சோதிப்பது நல்ல உத்தி. ஃபோர்டு லேமன் 120-இல் சிம்ஸ் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனி ஆயில் உண்டு, 50 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டெட்ராய்ட் டீசலின் 71 வரிசை டூ-ஸ்ட்ரோக். அதற்கு வழக்கமான மல்டிகிரேடு ஆயில் ஊற்றக் கூடாது, 40 கிரேடு மட்டும். உங்கள் இன்ஜினின் கையேட்டிலிருந்து இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாதாரணமாகக் கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

மணிக்கணக்குக் காட்டும் மீட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டரை மாற்றலாம். மாற்றாவிட்டாலும், 20 வருடப் படகில் 400 மணிநேரம் என்றால் ஆண்டுக்கு 20 மணிநேரம். மற்ற நேரமெல்லாம் ஈரத்தில் சும்மா நின்றிருக்கிறது. டீசலுக்கு ஓட்டத்தைவிட ஓய்வு கெடுதல்.

ஐந்தாவது: ஸ்டார்ட், வெள்ளோட்டம்

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு முயலச் சொல்லுங்கள். தண்ணீர் கலக்கும் எக்ஸாஸ்ட் உள்ள படகில், புகையின் அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் வெளியே போகும். வெறுமனே சுற்றினால் சைலன்ஸர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பிடித்ததும் உடனே வால்வைத் திறக்க வேண்டும். மறந்தால் இம்பெல்லர் போய்விடும். கிடைக்காத பாகங்கள் உள்ள இன்ஜினில் இந்த இரண்டில் எது நடந்தாலும் அன்றே பேச்சு முடிந்தது.

ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் போய் நில்லுங்கள். தண்ணீர் துப்புகிறதா பாருங்கள். அப்புறம் புகை. முதல் ஓரிரு நிமிடம் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைவது சகஜம். சூடான பிறகும் வெண்புகை மிதந்து நின்று டீசல் வாடை அடித்தால் எரியாத எரிபொருள்: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைவு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. உடனே கரைந்தால் நீராவி. அப்போது தண்ணீர் போதுமான அளவு வருகிறதா, ஹெட் கேஸ்கெட் சரியா என்று பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். இன்ஜின் சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். லேசான மூச்சு இருக்கும். ரயில்போலப் புகை விட்டால் பிஸ்டன் ரிங்குகளின் காலம் முடிகிறது.

கரையில் கட்டிய நிலையில் ஓட்டிக் காட்டுவதை வெள்ளோட்டமாக ஏற்காதீர்கள். தண்ணீரில் போய், சாதாரண வேகத்தில் அரை மணிநேரம் ஓட்டி, பிறகு சில நிமிடம் முழு த்ராட்டில் கொடுக்க வேண்டும். கையேட்டில் சொன்ன அதிகபட்ச சுழற்சியை எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் புரொப்பெல்லர் பெரிது, அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கிறது, அல்லது இன்ஜினுக்குத் தெம்பில்லை. வெப்பநிலையையும் கவனியுங்கள். கடல் தண்ணீர் நேராகப் பிளாக்குக்குள் ஓடும் பழைய வகை ஏறக்குறைய 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் ஓடும், அதற்கு மேல் போனால் உள்ளே உப்பு படியும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளவை 75 முதல் 85 வரை. முழு வேகத்தில் முள் ஏறிக்கொண்டே போனால் விற்பவர் என்ன காரணம் சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடல் தண்ணீர் நேராக ஓடிய அரிதான பிளாக் என்றால் என் அளவுகோல் இன்னும் கடுமையாகிவிடும். உள்ளிருந்து அரித்த பிளாக்குக்கு மருந்தில்லை.

பின்னோக்கிய கியரையும் சுமையோடு சோதியுங்கள். நழுவினால் கியர்பாக்ஸின் தகட்டைப் பாருங்கள். ஹர்த், போர்க் வார்னர், பிஆர்எம் போன்றவையாக இருந்தால் வழி இருக்கிறது.

ஆறாவது: இரண்டாவது கண்

படகு சர்வேயர் உடலைத் தட்டிப் பார்ப்பவர். பெரும்பாலும் அவருடைய அறிக்கையிலேயே இன்ஜின் சோதிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கும். எனவே டீசல் மெக்கானிக் தனியாக வேண்டும். கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், சாதாரணமாக 20 முதல் 30 பார். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருப்பதுதான் முக்கியம். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோடியம் தெரிந்தால் கடல் தண்ணீர் அல்லது கூலன்ட், செம்பும் ஈயமும் தெரிந்தால் பேரிங், இரும்பு ஏறியிருந்தால் சிலிண்டர் சுவர். நேற்று மாற்றிய ஆயிலில் எதுவும் தெரியாது, ஆகவே கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

ஏழாவது: விலை

இந்த இன்ஜின் முழுதாகப் போய்விட்டது, புதிதாக மாற்றுகிறோம் என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். புது இன்ஜின் விலையோடு இது முடிவதில்லை. உயரமும் அகலமும் மாறுவதால் இன்ஜின் படுக்கையை வெட்டி ஒட்ட வேண்டும். கியர் விகிதம் மாறினால் புரொப்பெல்லர் மாற வேண்டும். சுற்றும் திசை மாறினாலும் அப்படியே. எக்ஸாஸ்ட் ஹோஸ் தடிமன், கன்ட்ரோல் கேபிள், மீட்டர் பலகை, ஷாஃப்ட்டை நேர்படுத்தும் கூலி என்று பட்டியல் நீளும். மொத்தத்தையும் எழுதி, இதே மாதிரிப் படகு நல்ல இன்ஜினோடு போகும் விலையிலிருந்து கழியுங்கள். நீங்கள் பேச ஆரம்பிக்க வேண்டிய விலை அது. பாகங்கள் கிடைக்கின்றன என்று மூன்றாவது படியில் உறுதியாகியிருந்தால் அங்கிருந்து மேலே ஏறலாம். அது விற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

முன்பணம் கொடுக்கும்போது, வெள்ளோட்டமும் மெக்கானிக் சோதனையும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் பணம் திரும்ப வர வேண்டும் என்று எழுத்தில் போடுங்கள். படகின் மேல் கடன் இருக்கிறதா என்றும் பாருங்கள். படகில் கிடக்கும் பழைய பாகங்கள், உடைந்த பம்ப், துருப்பிடித்த இரண்டாவது ஹெட் எல்லாவற்றையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள். குப்பை என்று சொல்வார்கள், விட்டுவிடாதீர்கள்.

முதல் படகு, நீண்ட பயணம், கையில் ஸ்பேனர் பிடித்த பழக்கம் இல்லை: இந்த மூன்றும் பொருந்துகிறவர்களுக்கு நான் அரிதான இன்ஜினைச் சொல்ல மாட்டேன், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பக்கத்துத் தண்ணீரில் ஓட்டுபவர், பழுது பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர் என்றால் இதில் நல்ல லாபம் இருக்கிறது.

வாங்கியாயிற்று என்றால், முதல் பயணத்துக்கு முன் ஒருநாள் இன்ஜினோடு உட்காருங்கள். பெல்ட்டின் நீளம், சீல்களின் மூன்று அளவுகள், பேரிங் எண்கள், இம்பெல்லர், ஃபில்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி வையுங்கள். எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றி, நன்றாக இருக்கும்போதே லேத் பட்டறையில் கொடுத்து அளவெடுத்து இன்னொன்று செய்துகொள்ளுங்கள். அது உடைந்து துண்டான பிறகு அளவெடுக்க வழியிருக்காது.